சிறுநீரக நோயுள்ள அப்பாவுக்குப் புரத மாவும் விட்டமின் குளிசையும் கொடுக்கலாமா?

உப்புவெளி வாசகி:
அப்பாவுக்கு 64 வயது, எடை 60 கிலோ, நெடுநாளைய நீரிழிவு. அண்மைய இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈ.ஜி.எப்.ஆர். அளவு 34 என்று வந்ததால், சிறுநீரக நோய் மூன்றாம் கட்டத்தில் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். அன்றிலிருந்து மீனைத் தொடாமல் சோறும் மரக்கறியுமாகச் சாப்பிட்டு மெலிந்து வருகிறார். லண்டனிலுள்ள சித்தப்பா புரத மாவும் மல்டிவிட்டமினும் அனுப்பியிருக்கிறார். உறவினர் ஒருவர் வேர்க் கசாயம் தருவதாகச் சொல்கிறார். எதைக் கொடுக்கலாம்?

ஓய்வுபெற்ற தாதி, கிண்ணியா:
மகள், முதலில் அப்பாவை மீன் சாப்பிட வையுங்கள். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பதே 2024ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல். அப்பாவுக்கு அது நாளொன்றுக்கு 48 கிராம். சோற்றிலும் பருப்பிலும் ஒரு பங்கு கிடைத்துவிடும். மீதிக்கு ஒரு முட்டையும் உள்ளங்கையளவு பாரைத் துண்டொன்றும் ஏறக்குறையப் போதும். புரத மாவிலோ ஒரு கரண்டிக்கே 20 முதல் 25 கிராம் வரை இருக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு மேலதிகமாக அதைக் கரைத்துக் கொடுப்பது சிறுநீரகத்துக்குச் சுமையாகும். விடவேண்டியவை கருவாடும் மாசியும்தான். நாள் முழுவதற்குமான உப்பு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிற்கவேண்டும்.

மருந்தாளர், திருகோணமலை நகர்:
குளிசைப் போத்தலின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். விட்டமின் ஏ சிறுநீரக நோயாளரின் உடலில் தேங்கும். விட்டமின் சி பெருமளவில் சேர்ந்தால் ஒக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியக்கூடும். விட்டமின் டி, இரும்புச்சத்து இரண்டையும் இரத்தப் பரிசோதனை பார்த்தே வைத்தியர் தருவார். எனக்கு அதிகம் பயம் தருவது அந்தக் கசாயம்தான். ஈசுரமூலி போன்ற வேர்களிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும்; சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். என்ன வேர் என்று தெரியாத எதையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

உப்புவெளி வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. செவ்விளநீர் குடிக்கலாமா? வெயிலுக்கு அதைத்தான் கேட்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி, கிண்ணியா:
இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள், மகள். அது கூடியிருந்தால் இளநீர் வேண்டாம். கீரையையும் கிழங்கையும் அவித்து நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைட்டு கலந்திருப்பதால் அதையும் வாங்கவேண்டாம். காமரங்காயை (நட்சத்திரப் பழம்) மட்டும் பொட்டாசியம் எப்படியிருந்தாலும் கொடுக்காதீர்கள். அதன் நச்சைப் பழுதடைந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.