குத்தகை கைமாறினால் பள்ளித் துப்புரவுப் பணியாளரின் சேவைக்காலம் என்ன ஆகிறது?

பட்டர்வொர்த் பெற்றோர்:

வணக்கம். நான் மலேசியாவின் செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருக்கிறேன். எங்கள் பள்ளியில் பதினொரு ஆண்டுகளாகத் துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர், அப்பணியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் புதிய குத்தகையாளர் கொடுத்த நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து, மலாயில் இருந்த அதனை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். பணி தொடங்கிய நாளாக இந்த ஆண்டின் தேதி குறிக்கப்பட்டிருந்தது. ஆண்டு விடுப்பு 8 நாள். முந்தைய குத்தகையாளரிடம் 12 நாள் பெற்று வந்தாராம். காலை ஆறு மணிக்கு இருட்டில் வந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கழிப்பறையைக் கழுவி வைப்பவர் அவரே. குத்தகையாளர்கள்தாம் மூன்று முறை மாறியிருக்கிறார்கள். இது சட்டப்படி சரிதானா? பெற்றோராகிய நாங்கள் என்ன செய்யலாம்?

முன்னாள் தொழிற்சங்கப் பொறுப்பாளர்:

சகோதரி, சட்டத்தில் உள்ள இடைவெளியே இதற்குக் காரணம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 12 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாளும் ஆண்டு விடுப்பு உண்டு. மருத்துவ விடுப்பும் அப்படியே 14, 18, 22 என உயரும். முதலாளி மாறியதும் கணக்கு மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. ஒரு தொழில் விற்கப்பட்டு உரிமையாளர் மாறும்போது, புதியவர் குறையாத நிபந்தனைகளுடன் வேலையைத் தொடர முன்வந்தால் சேவைக்காலம் தொடர்வதற்கு 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்த இழப்பீட்டு விதிமுறைகளில் வழி இருக்கிறது. டெண்டரில் வென்றவர் பழைய நிறுவனத்தை வாங்கியவர் அல்லர் என்பதால், அந்தப் பாதுகாப்பு இந்த அக்காவுக்கு எட்டுவதில்லை.

ஆயினும் செய்யக்கூடியவை உண்டு. முதலில் அவருடைய ஊழியர் சேமநிதி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எந்த மாதம் எந்த முதலாளி சந்தா கட்டினார் என்பது அதில் இருக்கும். பதினொரு ஆண்டு உழைப்புக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது, விடுபட்ட மாதங்களும் அதிலேயே தெரிந்துவிடும். பழைய குத்தகை முடிந்தபோது இழப்பீடு ஏதும் கொடுக்கப்படவில்லை என்றால், வேலை ஒப்பந்தத்தின் காலவரை முடிந்துவிட்டது என்ற குத்தகையாளரின் வாய்மொழியோடு நின்றுவிடாமல், தொழிலாளர் துறையில் எழுத்து மூலம் முறையிடச் சொல்லுங்கள். தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை எந்த வேலை ஒப்பந்தத்திலும் விதிக்க முடியாது என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். கடிதத்தைக் காட்டவே தயங்கியிருப்பார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

நான் பணியில் சேர்ந்த காலத்தில் பள்ளித் தோட்டக்காரரும் துப்புரவாளரும் அரசாங்க ஊழியர்களாகவே இருந்தார்கள். எங்கள் பள்ளித் தோட்டக்காரர் ஓய்வூதியம் பெற்று, தம் மகளை அதே பள்ளியில் படிக்க வைத்து ஆசிரியையாக்கினார். 1990களில் இந்தப் பணிகள் தனியாருக்கு விடப்பட்ட பிறகு, ஒரே வளாகத்தில் இரு வகை மனிதர்கள் என்ற நிலை வந்துவிட்டது. ஆசிரியர்களும் எழுத்தர்களும் 2024 டிசம்பர் 1 முதல் புதிய ஊதியத் திட்டத்தின் பலனைப் பெற்றார்கள். துப்புரவாளருக்கோ 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம்தான், பத்து ஆண்டு இருந்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒன்றுபோல.

அரசுப் பள்ளிக்கு ஆதரவு என்று நாம் பேசும்போது கட்டடத்தையும் கணினியையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். இவர்களை அரசாங்கமே நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடக்கும் வரையிலாவது, முந்தைய சேவைக்காலத்தைப் புதிய குத்தகையாளர் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பணம் கொடுப்பது அரசாங்கம் என்பதால், அந்த நிபந்தனையை விதிக்கும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது. இதனைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, மாநிலக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள். அக்காவின் பெயர் அதில் வேண்டாம். அவர் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது.

பட்டர்வொர்த் பெற்றோர்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று அக்காவின் கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தோம். முந்தைய குத்தகையாளர் கடைசி இரண்டு மாதச் சந்தாவைக் கட்டவே இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் பிடித்தம் காட்டப்பட்டிருக்கிறது. பிஸ்கட் டின்னில் அவர் பத்திரமாக வைத்திருந்த சீட்டுகள் அனைத்தையும் படியெடுத்துவிட்டேன். திங்கட்கிழமை விடுப்பெடுத்து, அவரை நானே சேமநிதி அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அழைத்துச் செல்கிறேன். ஐயா சொன்ன தீர்மானத்தை அடுத்த செயலவைக் கூட்டத்தில் முன்மொழிவேன்.