ஃபாரன்சிக் டெக்னாலஜியில் முதல் வேலை: சேர்வதற்கு முன் எதைப் படிக்கலாம்?

நிலா எழுதியது:

வணக்கம். வணிகவியல் படித்து முடித்திருக்கிறேன். ஒரு ஆலோசனை நிறுவனத்தின் ஃபாரன்சிக் டெக்னாலஜி (கணினித் தரவை ஆராய்ந்து மோசடியை விசாரிக்கும்) பிரிவில் பட்டதாரிப் பயிற்சியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. சேர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

நேர்காணலில் நிதிக் குற்ற விசாரணை பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வேலை விவரத்தில் பார்த்தால் தரவுத்தள மொழி எஸ்க்யூஎல், நிரல்மொழி பைதான், இ-டிஸ்கவரி (மின்னணு ஆவணங்களில் சான்று தேடுவது) என்று போகிறது. எக்செல் எனக்கு நன்றாக வரும். எஸ்க்யூஎல் ஓரளவு தெரியும். பைதானில் இப்போதுதான் கை வைத்திருக்கிறேன். என்னோடு சேரப் போகிறவர்களில் பாதிப் பேர் கணினி அறிவியல் படித்தவர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து தூக்கம் இல்லை.

முதல் வருடம் உண்மையில் என்ன வேலை கொடுப்பார்கள்? சி.எஃப்.இ. (மோசடி ஆய்வாளர் சான்றிதழ்) தேர்வை இப்போதே எழுதிவிடலாமா? இந்த ஆறு வாரத்தை எதில் செலவழித்தால் பயன்?

தடம் எழுதியது:

நிலா, வாழ்த்துகள். நானும் கணக்குப் பதிவியல் பக்கமிருந்து வந்தவள்தான், பதினோரு வருடம் ஆகிறது. கணினி படித்தவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவர்களுக்கு ஒரு பேரேட்டைப் பார்த்ததும் எந்தப் பதிவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்தில் நீங்கள் அவர்களிடம் கற்பீர்கள், அவர்கள் உங்களிடம் கற்பார்கள்.

முதல் வருடத்தில் பெரும்பாலும் சேகரிப்பும் சலிப்பும்தான். 'சலிப்பு' என்றால் சல்லடையில் சலிப்பது. மடிக்கணினி, கைபேசி, மின்னஞ்சல் பெட்டி, கணக்கு மென்பொருளின் தரவு எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும். மூல வட்டில் ஒரு எழுத்துகூட மாறிவிடக் கூடாது என்பதற்காக ரைட் பிளாக்கர் என்ற, வட்டில் எழுதவிடாமல் தடுக்கும் கருவி வழியாக இணைப்பீர்கள். நகல் எடுத்ததும் இரண்டுக்கும் ஹேஷ் மதிப்பு (தரவின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) கணக்கிட்டு ஒப்பிடுவீர்கள். எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் முறை என்றால் 64 எழுத்து வரும். மூலத்தில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த மதிப்பு அடியோடு மாறிவிடும். வட்டு யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போனது என்று படிவம் நிரப்புவீர்கள். நிரப்பி அலுத்துப் போகும். ஆனால் இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது அந்தப் படிவத்தைத்தான்.

நான் இரண்டாவது வருடத்தில் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் போலி சப்ளையர்கள் இருப்பதாகச் சந்தேகம். சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்களையும் ஊழியர்களின் சம்பளக் கணக்கு எண்களையும் பொருத்திப் பார்ப்பது வழக்கமான சோதனை. இரண்டு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரை) கோப்புகளையும் எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தேன், பொருத்தினேன். ஏழு பொருத்தம் வந்தது. ஏழு ஊழியர்கள் சப்ளையர் பெயரில் பணம் வாங்குகிறார்கள் என்று குறிப்பு எழுதி மேலாளருக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷமாக இருந்தேன்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மூலக் கோப்பில் இந்த எண்ணைக் காட்டு." சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். எண்கள் வேறு வேறாக இருந்தன. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும். அந்தக் கணக்கு எண்களுக்கு 18 இலக்கம். ஒரே கிளையில் அடுத்தடுத்துத் திறந்த கணக்குகள் கடைசி மூன்று இலக்கத்தில்தான் வேறுபட்டன. ஏழில் ஆறு பொருத்தம் அப்படியே கரைந்துபோனது. அந்த ஆறு பேரில் ஒருவர் கிடங்கில் வேலை செய்தவர். மறுநாள் காலை அவரை விசாரணை அறைக்கு அழைப்பதாக இருந்தது.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இன்றுவரை எந்தப் பொருத்தம் வந்தாலும் அவர் ஞாபகம்தான் முதலில் வரும்.

ஆகவே ஆறு வாரத்தில் என்ன படிக்கலாம் என்றால், 'இது எனக்கு எப்படித் தெரியும்' என்று ஒவ்வொரு அடியிலும் எழுதிக் காட்டப் பழகுங்கள். மற்றதை வேலையில் கற்றுத் தருவார்கள். பழக நல்ல இடம் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் மின்னஞ்சல்கள். அந்த நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது; விசாரணையில் கைப்பற்றிய மின்னஞ்சல்களை அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003ல் பொதுவெளியில் வைத்தது. பெரும்பாலும் உயரதிகாரிகளான சுமார் 150 பேருடைய பெட்டிகள், ஐந்து லட்சம் மின்னஞ்சல் அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. பைதானில் ஏற்றி, ஒரே அஞ்சலின் நகல்களை நீக்கி, ஒருவர் இன்னொருவருக்கு எழுதியதைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். நேர மண்டலம் உங்களைப் படுத்தி எடுக்கும். படுத்தட்டும். ஒரே கணினியில் விண்டோஸ் கோப்பு முறைமை 1601 ஜனவரி 1லிருந்து நேரத்தை எண்ணும்; பல செயலிகள் 1970லிருந்து எண்ணும். இதெல்லாம் தலையில் ஏறிவிட்டால், "அவர் நள்ளிரவில் கோப்பை அழித்தார்" என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்பீர்கள்.

வட்டு ஆய்வுக்கு ஆட்டாப்ஸி என்ற இலவச மென்பொருள் போதும்.

சி.எஃப்.இ. பற்றி: பட்டம் இருந்தால் தேர்வு எழுதலாம். சான்றிதழ் கைக்கு வர இத்துறை சார்ந்த இரண்டு வருட அனுபவம் வேண்டும். அவசரம் வேண்டாம், வேலையில் சேர்ந்த பிறகு எழுதினால் பாடம் புரியும். பல நிறுவனங்கள் கட்டணத்தையும் தாங்களே கட்டுகின்றன.

கடல்நண்டு எழுதியது:

நான் வங்கியில் பணமோசடி தடுப்புப் பிரிவில் இருக்கிறேன். தடம் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் கணினி எழுப்பும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொகை வரம்புக்குச் சற்றுக் கீழே பணத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டினால் எச்சரிக்கை வரும். ஆனால் தினசரி வசூலைக் கட்டும் நேர்மையான கடைக்காரரும் அப்படித்தான் தெரிவார். அவருடைய தொழில் என்ன என்று தெரியாமல் முடிவெடுக்கவே முடியாது.

பென்ஃபோர்டு விதி என்று ஒன்று சொல்லித் தருவார்கள். இயல்பான தொகைகளில் முதல் இலக்கம் 1 ஆக வருவது ஏறக்குறைய 30 சதவீதம், 9 ஆக வருவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அருமையான கருவி. ஆனால் உச்சவரம்பு உள்ள செலவுச் சீட்டுகளிலும், தொலைபேசி எண் போல ஒதுக்கித் தரப்படும் எண்களிலும் பொருந்தாது. அதை வைத்து மட்டும் யாரையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.

சி.எஃப்.இ. நடத்தும் அதே சங்கத்தின் 2024 அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வெளிவந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ தகவல் சொன்னதால் தெரியவந்தவை. சொன்னவர்களில் பாதிக்கு மேல் உள்ளேயிருந்த ஊழியர்கள். மனிதர்கள் பேசுவதைக் கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

நிலா எழுதியது:

மிக்க நன்றி. தடம் அக்கா, அந்தக் கணக்கு எண் விஷயத்தைப் படித்துவிட்டு என் கல்லூரி புராஜெக்ட் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதிலும் நீளமான எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் முடிகின்றன!

ஒரு கேள்வி. மின்னஞ்சல் ஆய்வில் ஒருவருடைய வீட்டுச் சண்டை, உடம்பு பற்றிய விஷயம் எல்லாம் கண்ணில் படுமே, அப்போது என்ன செய்வீர்கள்? அப்புறம், ஏழாவது பொருத்தம் என்ன ஆனது?

தடம் எழுதியது:

படும், நிறையவே படும். முடிந்தவரை தேடல் சொற்களையும் தேதி வரம்பையும் முதலிலேயே எழுதி ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிப்போம். வழக்குக்குத் தொடர்பில்லாததைத் 'தொடர்பற்றது' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். யாரிடமும், குழுவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்கூட, சொல்லாதீர்கள். வழக்கறிஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்து கண்ணில் பட்டால் படிக்காமல் நிறுத்தி மேலாளரிடம் சொல்லுங்கள். அதைப் படித்தாலே சில வழக்குகள் சிக்கலாகும்.

ஏழாவது உண்மையான பொருத்தம்தான். 18 இலக்கமும் ஒத்துப்போனது. கொள்முதல் பிரிவில் ஒருவர், மனைவி பெயரில் நிறுவனம் வைத்திருந்தார். பணம் மட்டும் அவருடைய சம்பளக் கணக்குக்கே வந்தது. அந்த ஒரு வரியை நான்கு விதமாகச் சரிபார்த்த பிறகுதான் அறிக்கையில் எழுதினோம்.

உங்கள் புராஜெக்ட் கோப்பை மறுபடி இறக்கும்போது, எக்செலில் டேட்டா மெனு வழியாக இறக்கி, அந்த எண்கள் உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். பைதானில் என்றால் படிக்கும்போதே அதை எழுத்துச்சரம் என்று சொல்லிவிடுங்கள். முன்னால் உள்ள பூஜ்யங்களும் தப்பிக்கும். ஏற்கெனவே சேமித்த கோப்பில் போன இலக்கங்கள் திரும்பி வராது, மூலத்திலிருந்தே எடுங்கள்.