ஆலயம், பள்ளி, விடுதி ஒரே காம்பவுண்டில்: பிள்ளைகள் எந்த நேரம் யார் பொறுப்பு?

சேகரச் செயலர்:
பள்ளிக்குத் தாளாளர், விடுதிக்கு வார்டன், ஆலயத்துக்குச் சேகரகுரு, அதாவது நாம் ஐயர் என்று அழைக்கும் போதகர். 4.10க்குப் பள்ளி பெல், 5.30க்குத்தான் பாடகர் குழுப் பயிற்சி. நடுவில் 80 நிமிடம் பிள்ளைகள் யார் கணக்கு? மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்த வெளியூர் வாலிபர்கள் வேறு வருவார்கள். பாதுகாப்புக் கொள்கையில் அவசியம் என்ன இருக்கவேண்டும்? பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் என்று புகார் வந்தால் முதலில் ஐயரிடமா, போலீசிடமா? கமிட்டி இதில் இரண்டு கட்சியாக நிற்கிறது.

வக்கீல் மதுரை:
கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த ஒவ்வொருவர் மேலும் கடமையை வைக்கிறது. நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லியே ஆகவேண்டும். தலைமையாசிரியர் காதில் போட்டதோடு டீச்சர் கடமை தீராது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். கீழே வேலை பார்ப்பவர் செய்ததைச் சொல்லாமல் விட்ட நிறுவனப் பொறுப்பாளருக்கு 1 ஆண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு சொன்னவரை 19(7) காக்கிறது.

ஐயருக்குத் தகவல் சொல்லலாம்; அனுமதி கேட்கக்கூடாது. இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்து ஜெபம்பண்ணி ராசியாக்குவதுதான் நம் சபைகளின் பழைய நோய். இது ராசியாகிப் போகிற குற்றமே அல்ல. பள்ளி, மத நிறுவன நிர்வாகியோ ஊழியரோ செய்தால் 5, 9ஆம் பிரிவுகள் கடுங்குற்றமாக்குகின்றன.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுத்துப்போக வேண்டுமே என்ற பயம் வேண்டாம். 24ஆம் பிரிவுப்படி வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாமல் வாக்குமூலம் எடுக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
அந்த 80 நிமிடத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும் சார். பெயர், வகுப்பு, ஒப்படைத்த ஆசிரியர் கையெழுத்து, பெற்றுக்கொண்ட பாடகர் குழுத் தலைவர் கையெழுத்து, பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனவர் பெயர், நேரம். நோட்டு எங்கே பழுதாகும் தெரியுமா? மூன்றாம் வாரத்திலிருந்து ஒரே பேனாவில், ஒரே மூச்சில், எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். அதனால் 5.30க்குத் தலை எண்ணி, எண்ணிக்கையை நோட்டின் மேலே எழுதவேண்டும். கமிட்டி ஆள் ஒருவர் மாதம் இரண்டு தடவை சொல்லாமல் போய் எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்தது சாவி. வெஸ்ட்ரி (ஐயர் அங்கி மாற்றும் அறை), கீபோர்டு அறை, மாடி ஸ்டோர் மூன்றும்தான் ஆளில்லாமல் கிடக்கும் இடங்கள். சாவி ஒரு பலகையில் தொங்கட்டும். எடுத்தவர் எழுதிவிட்டு எடுக்கட்டும். கதவில் கண்ணாடிச் சதுரம் பதியுங்கள், அதன்மேல் காலண்டர் தொங்கவிடாதீர்கள். கீபோர்டு தனிப்பயிற்சி என்றால் கதவு திறந்தே இருக்கவேண்டும், இரண்டாவது பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கவேண்டும். பயிற்சி முடிந்து "நானே பைக்கில் விட்டுவிடுகிறேன்" என்பதற்கு ஒரே பதில்: வேண்டாம்.

விடுதி ஆலோசகர்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. பிள்ளை வாய் திறக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "உன்மேல் தப்பில்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்கவேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல், தேதி நேரத்தோடு எழுதுங்கள். உடையைத் துவைக்கவிடாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், மருத்துவமனை எஃப்.ஐ.ஆர். கேட்டு நிறுத்திவைக்க முடியாது. இரவில் என்ன செய்வது என்று திகைத்தால் சிறார் உதவி எண் 1098.

புகார்ப் பெட்டியைத் தாளாளர் அறை வாசலில் வைத்தால் ஒரு சீட்டும் விழாது. குழாயடி, கழிப்பறை போகும் வழி நல்லது. வாரம் ஒருமுறை இருவர் சேர்ந்து திறக்கட்டும். ஒருவர் பள்ளியிலோ ஆலயத்திலோ சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும்.

சேகரச் செயலர்:
நோட்டும் சாவிப் பலகையும் இந்த வாரமே வைத்துவிடலாம். வி.பி.எஸ். வாலிபர்களுக்கு அவர்கள் ஊர் ஐயர் கொடுக்கும் நற்சான்று போதுமா?

வக்கீல் மதுரை:
போதாது. 2020 போக்சோ விதிகளின் 3ஆம் விதிப்படி, பிள்ளைகளோடு பழகும் ஊழியர் எல்லாருக்கும், ஒப்பந்த ஆளானாலும், அவ்வப்போது காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். வேன் டிரைவர், வாட்ச்மேன், கோயில்பிள்ளை (ஆலயப் பணியாள்) எல்லாரும் இதில் அடக்கம். 10 நாள் வந்துபோகும் வாலிபருக்கும் இதையே வையுங்கள். ஆனால் சரிபார்ப்பில் பதிவான வழக்கு மட்டுமே தெரியும். சத்தமில்லாமல் மாற்றப்பட்ட ஆள் சுத்தமாகத்தான் தெரிவார். அதனால் முன்பு இருந்த இடத்துக்கு நீங்களே போன் போட்டு, "பிள்ளைகளோடு வேலைக்கு இவரைத் திரும்ப வைத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். மறுமுனையில் இழுத்துப் பேசினால் பட்டியலில் அந்தப் பெயர் வேண்டாம்.