அரசுக் கல்லூரி கட்டடம்: சி.ஏ.ஆர். பாலிசி, கூலியாள் இன்சூரன்ஸ், உள்ளூர் ஆள்

பொள்ளாச்சி_செண்டரிங்:
கேரளாவில கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரசுக் கல்லூரிக்கு மூணு மாடி வகுப்பறை. ஒப்பந்தம் 6 கோடி 40 லட்சம், 18 மாசம். லிஃப்டும் டிரான்ஸ்ஃபார்மரும் இலாகாவே வாங்கித் தருது, அது ஒரு 60 லட்சம். பழைய பிளாக் 4 மீட்டர் தள்ளி நிக்குது. கம்பி, பலகை ஆளுங்க பொள்ளாச்சியிலிருந்து டெம்போவில தினமும் வந்து போவாங்க. அக்ரிமெண்ட் போடறதுக்குள்ள இன்சூரன்ஸ் காட்டணும். எவ்வளவுக்கு எடுக்கறது, எதை விடக்கூடாது? லோடு இறக்க யூனியன்காரங்க இப்பவே வந்து நிக்கறாங்க. உள்ளூர் ஆள் இத்தனை சதவீதம்னு விதி ஏதாவது இருக்குங்களா?

சர்வே_பார்வை:
சி.ஏ.ஆர். பாலிசியை, அதாவது கட்டற வேலைக்கான ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ்’ இன்சூரன்ஸை, 7 கோடிக்கு எடுங்க. முடிஞ்ச கட்டடத்தோட முழு மதிப்புதான் கணக்கு, இலாகா தர்ற சாமானும் அதுல அடக்கம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 5 கோடி 60 லட்சத்துக்கு எடுத்தா அது 80 சதவீதம்தான். 10 லட்சம் சேதமானா 8 லட்சம்னு வெட்டி, அதுக்கு மேல எக்ஸஸையும் (சேதத்துல நீங்களே ஏத்துக்க வேண்டிய தொகை) கழிப்பாங்க. வெள்ளம், புயல், இடிஞ்சு விழறதுக்கு எக்ஸஸ் தனி, மத்ததைவிட அதிகம். ஷெட்யூல்ல அந்த வரியைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

உங்க கேஸ்ல பழைய பிளாக்தான் வம்பு. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது அதுல விரிசல் விட்டா மூணாம் நபர் பிரிவுல வரும்னு நினைப்பீங்க. வராது. பாலிசியில இலாகா பேரும் கல்லூரி பேரும் சேர்ந்திருக்கும், அவங்க சொத்து மூணாம் நபர் சொத்து ஆகாது. ‘உரிமையாளரின் சுற்றுப்புறச் சொத்து’ன்னு ஒரு கூடுதல் கவர் இருக்கு, அதை வாங்கணும். அதோட ‘அதிர்வு, தாங்கல் நீக்கம்’ (அதிர்வாலயோ, தாங்கி நிக்கற பிடிமானம் போயோ வர்ற சேதம்) கவரும், இடிபாடு அகற்றும் செலவும். தோண்டறதுக்கு முன்னாடி பழைய சுவரைத் தேதியோட போட்டோ எடுத்து, இருக்கற விரிசல் எல்லாத்தையும் அளந்து, இலாகா உதவிப் பொறியாளர்கிட்ட கையெழுத்து வாங்கி வையுங்க. இல்லைன்னா 10 வருஷ விரிசலும் உங்க தலையில விழும்.

ஸ்லாபைத் தாங்கற முட்டு நழுவி ஸ்லாப் இறங்கிச்சுன்னு வைங்க. ஒழுங்கா நிறுத்தாத முட்டுக்கும் அந்தத் தப்பான வேலைக்கும் பணம் இல்லை. அது விழுந்து கீழே நல்லா கட்டியிருந்த தளம் போச்சுன்னா அதுக்கு உண்டு. டிசைன் தப்புன்னு சர்வேயர் எழுதிட்டா, அதுக்குத் தனி கவர் எடுத்திருந்தா ஒழிய ஒண்ணும் தேறாது.

தேதி விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டறாங்க. வேலை இழுக்குது, கால நீட்டிப்புக் கடிதம் இலாகாவிலிருந்து வர மூணு மாசம் ஆகுது, நடுவுல பாலிசி முடிஞ்சு போகுது, ஜூன் மழையும் வந்துருது. கடிதத்துக்குக் காத்திருக்காம, முடியறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு எழுதி நீட்டுங்க. பில் வரலைன்னு வேலையை நிறுத்தினாலும் எழுத்துல சொல்லணும். ஒப்படைச்ச பிறகு வர்ற குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குப் பராமரிப்பு கவர் தனியா கேளுங்க.

மஸ்டர்_ரோல்:
சி.ஏ.ஆர். கட்டடத்துக்கு. ஆளுக்குத் தனி பாலிசி. 1923ம் வருஷ இழப்பீட்டுச் சட்டத்துல 2020 முதல் இருந்த கணக்கு இது: சம்பள வரம்பு 15,000; 30 வயசு ஆள் இறந்தா அதுல பாதியை 207.98ஆல பெருக்கணும், 15,59,850 ரூபா. ஒரு மாசத்துக்குள்ள கட்டலைன்னா 12 சதவீத வட்டி, அதுக்கு மேல 50 சதவீதம் வரை அபராதம். அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தராது.

2025 நவம்பர் 21ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தோட பேர் மட்டும் பாலிசியில இருந்தா, புதுசையும் சேர்த்து எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோட இணைக்கற திருத்தம்) வாங்குங்க. புதுச் சட்டத்துல வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவுல நடக்கற விபத்தும் வருது. கோபாலபுரம் வழியா டெம்போவில வர்ற ஆளுங்களுக்கு இது நேரா பொருந்தும்.

சப் கான்ட்ராக்ட் மேஸ்திரி கூட்டிட்டு வர்ற ஆளுங்களையும் பாலிசியில சொல்லணும், மருத்துவச் செலவு கவரும் எடுக்கணும். மஸ்டர்ல (ஆள் வருகைப் பதிவேடு) 60 பேர் இருக்க, பாலிசியில 25 பேருக்குச் சம்பளம் காட்டற வேலை வேண்டாம். விபத்து நடந்தா முதல்ல கேக்கறது மஸ்டர்தான்.

வேலந்தாவளம்:
உள்ளூர் ஆளுக்குச் சதவீதம் எதுவும் இல்லைங்க. ஆந்திராவில 2019ல வந்த 75 சதவீதச் சட்டம் தொழிற்சாலைகளுக்கும் அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கும். நகரி, புத்தூர் பக்கம் வேலை எடுக்கறவங்க அதைக் கேட்டுட்டு வந்து இங்கேயும் இருக்குன்னு பயமுறுத்துவாங்க. உங்க டெண்டர்ல தனியா நிபந்தனை போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க.

கூலி விஷயம் வேற. வேலை நடக்கற இடத்தோட குறைந்தபட்சக் கூலிதான் செல்லும். பொள்ளாச்சி ஆளுக்குப் பொள்ளாச்சி ரேட்டுன்னு ரெண்டு கணக்கு வெச்சா, ஒரே சாரத்துல நிக்கற ரெண்டு பேர் மத்தியானம் சோத்துக்கு உக்காரும்போதே விஷயம் வெளிய வந்துரும். பூச்சு, பெயிண்ட், ஒயரிங், தண்ணி விடற சித்தாள் வேலைக்கு உள்ளூர் ஆளையே போடுங்க, ஊர்ல பேச்சு வராது.

லோடு: கேரளாவில 1978ம் வருஷ சுமட்டுத் (சுமை தூக்கும்) தொழிலாளர் சட்டம் இருக்கு. அதுல பதிஞ்ச அட்டை இருக்கற ஆளான்னு கேளுங்க. சிமெண்ட் மூட்டைக்கு இவ்வளவு, கம்பி டன்னுக்கு இவ்வளவுன்னு முதல் லாரி வர்றதுக்கு முன்னாடியே பேசி எழுதி, கொடுக்கறதுக்கெல்லாம் ரசீது வாங்குங்க. லாரி எப்போ வருதுன்னு முந்தின நாளே சொல்லிடுங்க. ராத்திரி திடீர்னு வந்து நிக்கற லோடுலதான் தகராறு. வேலை செய்யாம கேக்கற நோக்குக் கூலிக்கு 2018 மே 1லிருந்து தடை. கேட்டா தொழிலாளர் அலுவலகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுங்க.

பொள்ளாச்சி_செண்டரிங்:
ரொம்ப நன்றிங்க. பில்லுல 1 சதவீதம் செஸ் பிடிக்கறாங்களே, அது ஆளுங்களுக்குக் காப்பீடு ஆகாதா?

மஸ்டர்_ரோல்:
ஆகாது. அது நல வாரியத்துக்குப் போற பணம். வாரியத்துல பதிஞ்சவங்களுக்குத்தான் உதவி, பதியறதுக்கு ஒரு வருஷத்துல 90 நாள் வேலை செஞ்சிருக்கணும். அதனால உங்க இழப்பீட்டுப் பொறுப்பு ஒரு ரூபாகூடக் குறையாது.

சர்வே_பார்வை:
ஒண்ணு விட்டுட்டேன். சேதம் நடந்தா 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுத்துல தெரிவிக்கணும்னு பாலிசியில இருக்கும். ஏஜெண்டுக்குப் போன்ல சொன்னது கணக்குல வராது. சர்வேயர் பாக்கறதுக்கு முன்னாடி இடிபாட்டை வாரிக் கொட்டிடாதீங்க. ஆபத்துன்னு எடுத்தே ஆகணும்னா போட்டோவோட இலாகா கடிதமும் வாங்கிட்டு எடுங்க.