2019 சீசனில் பாசிக்குடாவில் நடந்தது – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பாசிக்குடாப் பெடியன்:
உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் என்றதும் எல்லாரும் குண்டு வெடித்த கொழும்பு ஹோட்டல்கள் ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூன்றையும்தான் சொல்வார்கள். அன்றே குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய எங்கள் பாசிக்குடாக் கடற்கரை பற்றிப் பேச்சே வராது.

கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரைதான் உழைப்பு. அதை வைத்துத்தான் மாரியைத் தள்ளுவோம். குண்டு வெடித்தது ஏப்ரல் 21, சீசன் தொடங்குகிற நேரம். நான் இங்கே ஒரு ஹோட்டல் ரிசெப்ஷனில் இருந்தேன். மெயிலைத் திறந்தால் ஒரே கென்சல். அத்தியாவசியம் இல்லாமல் இலங்கைக்குப் போகவேண்டாம் என்று பிரித்தானிய அரசு சொல்லிவிட்டது. அப்படிச் சொன்னால் பயணக் காப்புறுதி செல்லாது, வர ஆசைப்பட்டவர்களும் வரமுடியாது. ஜூனில் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் குரூப்கள் எல்லாம் வேறு நாட்டுக்குப் புக் பண்ணிவிட்டன. முந்தைய ஆண்டு மே மாதம் நாட்டுக்கு வந்தவர்கள் 129,466 பேர், அந்த மே மாதம் வெறும் 37,802.

எங்களுக்கு அடிப்படைச் சம்பளம் பெயருக்குத்தான். பில்லில் போடும் 10 வீத சேர்விஸ் சார்ஜில் வரும் பங்குதான் வீட்டுச் செலவு. அறை காலி என்றால் பங்கும் காலி. முதலாளிமாருக்கு வற் (VAT) வரியை 15இலிருந்து 7 வீதமாகக் குறைத்தார்கள், கடன் தவணையைத் தள்ளிவைத்தார்கள். சரி, இல்லாவிட்டால் பூட்டியிருப்பார்கள். ஆனால் நாங்கள் அடகு வைத்த நகைக்கு யார் தவணை தள்ளினது?

அந்த வருசம் கைகொடுத்தது உள்ளூர்ச் சனம்தான். பாதி விலைக்கு அறை என்றதும் கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வெள்ளைக்காரர் எட்டியும் பார்க்காத, மிளகாய் உறைப்பான கட்டாசம்பல் அப்போதுதான் பஃபேயில் முதலில் முடிந்தது!

நீர்கொழும்பு வான்:
தவணைச் சலுகை சுற்றுலாச் சபையில் பதிந்தவர்களுக்குத்தான் தம்பி. என் வானுக்குப் பதிவு இல்லை, லீசிங்காரர் விடவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெயர் அட்டையோடு உள்ளே நிற்கவும் விடவில்லை. கடைசியில் மரக்கறி ஏற்றினேன்.

சென்னைவாசி:
அந்த ஆகஸ்டில்தான் நாங்கள் கண்டிக்குப் போனோம். இந்தியா உட்பட 48 நாட்டவருக்கு விசா கட்டணம் இல்லை என்றார்கள், அறையும் மலிவு. வாசலில் காருக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். காலையில் பஃபே இல்லை. என்ன வேண்டும் என்று மேசைக்கு வந்து கேட்டுச் செய்து கொடுத்தார்கள். எவ்வளவு கவனிப்பு என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

பாசிக்குடாப் பெடியன்:
அது கவனிப்பு இல்லை அண்ணா, பத்துப் பேருக்குப் பஃபே வைத்தால் கட்டாது! டிசம்பரில் கொஞ்சம் நிமிர்ந்தது, அப்புறம் கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி. 2024இல் வருகை திரும்பவும் 20 லட்சத்தைத் தாண்டியது, மீண்டுவிட்டோம் என்கிறார்கள். கிச்சனில் இருந்த நல்ல கைகாரர் எல்லாம் கட்டாரிலும் மாலைதீவிலும். இங்கே அறை நிறைந்தாலும் படுக்கை விரிக்க ஆள் தேடுகிறார்கள்.