பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11-க்குப் போக முடியாது. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் சின்னமன் பதிப்பைப் பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்தேன். கீழே இடது மூலையில் மெனு, பக்கத்தில் டாஸ்க்பார் என்று கைக்குப் பழகிய இடத்திலேயே எல்லாம் இருந்தன. ரொம்பப் பிடித்துவிட்டது.

ரேம் 4 ஜிபிதான். சின்னமனே போதுமா, இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்குப் போகலாமா? அப்புறம், தமிழ்99 விசைப்பலகை முறையில்தான் தட்டச்சு செய்வேன். லினக்ஸில் தட்டச்சு முறைகளை மாற்ற உதவும் ஐபஸ்ஸில் அதை எப்படிச் சேர்ப்பது?

இங்கே மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும், பேட்டரியும் நிற்காது. டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கும்போது கரண்ட் போனால் டேட்டா என்ன ஆகும் என்பதுதான் பெரிய கவலை. குன்னூர், ஊட்டிப் பக்கம் யாராவது கூட இருந்து செய்து தந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.