கோலமாற்றம், ஓட்டமாற்றம்: கார்களை மாற்றியமைப்பதற்கு இரண்டு சொற்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

சாலையில் ஓடும் கார்களை அழகுக்காக மாற்றுவதையும் ஓட்டத்துக்காக மாற்றுவதையும் பிரித்துச் சொல்ல, ‘ஒப்பனை மாற்றம்’, ‘செயல்திறன் மேம்பாடு’ என்ற இணை இந்தக் கலைச்சொல் மடலிழையில் முன்வைக்கப்பட்டு, ஏறக்குறைய முடிவாகிவிடும் நிலையில் இருப்பதைக் கண்டேன். இரண்டு சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருந்துகொண்டு, கேரள-தமிழக எல்லையின் இரு பக்கமும் வாகனக் காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளராக வேலை செய்கிறேன். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் வண்டியில் செய்த மாற்றத்தால் தமக்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகை ஏன் குறைந்தது என்று வேலந்தாவளத்துக் காய்கறி வியாபாரியோ பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரரோ கேட்கும்போது தமிழில்தான் விடை சொல்லியாக வேண்டும். அப்போது ‘ஒப்பனை’ என்ற சொல் என்னைக் கைவிட்டிருக்கிறது.

ஒப்பனை என்றதும் முகத்தைக் கழுவினால் போய்விடுவது என்றே கேட்பவர் மனம் எடுத்துக்கொள்கிறது. அண்மையில் நான் பார்த்த ஒரு காரில் முன்பக்கக் கிரில்லுக்குள் நீல நிற எல்.இ.டி. பட்டை ஒட்டியிருந்தார்கள். அதற்கு மின்சாரம் எடுத்த விதம் இது: ஹெட்லைட் வயரின் உறையைப் பிளேடால் சீவி, உள்ளிருந்த செம்புக் கம்பியோடு புதுக் கம்பியை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். இடையில் ஃப்யூஸ் கிடையாது. நான் பானெட்டைத் திறந்தபோது வயரிங் கட்டு முழுவதும் உருகி ஒரே கறுப்புக் கயிறாகத் தொங்கியது. பேட்டரியின் ஒரு பக்கம் மெழுகுபோல் சரிந்திருந்தது. ‘அது சும்மா அழகுக்குப் போட்டதுதானே சார்’ என்றார் உரிமையாளர். அவர் பொய் சொல்லவில்லை. அழகுக்குப் போட்டது என்பதனாலேயே அது தீங்கற்றது என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். அந்த நம்பிக்கைக்குத் துணைபோகும் சொல்லைக் கலைச்சொல்லாக நாம் வகுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

‘செயல்திறன் மேம்பாடு’ என்பதில் சிக்கல் இரட்டிப்பாகிறது. தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில் ‘திறன்’ என்பது வாட்டிலும் குதிரைத்திறனிலும் அளக்கப்படும் ஒன்று. ஆகவே ‘திறன்’ என்றதும் படித்த பிள்ளைகள் எஞ்சினின் வலுவை மட்டுமே நினைப்பார்கள். நல்ல பிரேக் பேடு, இறுக்கமான டேம்பர் (அதிர்வுத் தணிப்பான்), பிடிமானமுள்ள டயர் ஆகியவை ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டுவதில்லை. ஆனால் கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட, 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற வளைவுகள் நிறைந்த பந்தயத் தடத்தில், நேரம் மிச்சமாவது பெரும்பாலும் பிரேக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்கலாம் என்பதில்தான். ‘மேம்பாடு’ என்பதோ தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லின் ஒரு சுற்றைக் கிரைண்டரால் அறுத்துவிடுகிறார்கள். அறுத்த முனையில் சூட்டின் நீலநிறம் ஏறியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வண்டி தாழ்கிறது, பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது; ஆனால் அடுத்த வேகத்தடையில் சஸ்பென்ஷன் அடிவரை இறங்கி, தடுப்பு ரப்பரில் மோதுகிறது. இதில் மேம்பட்டது எது?

வழக்கில் இருக்கும் சொற்களையும் பார்த்துவிடலாம். எங்கள் பக்கம் மலையாளிகளும் தமிழர்களும் ஒருமித்துச் சொல்வது ‘ஆல்ட்டரேஷன்’. மலையாளத்தில் ‘வண்டி பணியுக’ என்பதும் உண்டு. ‘பணி’ நல்ல சொல். தமிழில் அதற்கு வேலை என்ற பொருளோடு அணிகலன் என்ற பழைய பொருளும் இருப்பதால், ஓட்டத்துக்கும் அழகுக்கும் பொதுவான மேற்சொல்லாக அது நின்றிருக்கலாம். இன்று அரசுப்பணி, களப்பணி என்று உத்தியோகத்துக்கே அதை ஒப்படைத்துவிட்டோம். முந்தைய மடலில் ஓர் அன்பர் சுட்டிய ‘பண்ணல்’ இன்னும் சுவையானது. யாழுக்குச் சொல்லப்பட்ட எட்டு இசைத்தொழில்களில் முதலாவது பண்ணல், அதாவது நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்ப இறுக்கி அமைப்பது. அதே சொல்லை இன்று ‘டியூன் பண்ணு’ என்று வேற்றுமொழிச் சொல்லுக்கு எடுபிடியாக வைத்திருக்கிறோம். கூர்ந்து பார்த்தால் ஒரே பொருளை அடுத்தடுத்து இருமுறை சொல்கிறோம். எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியில் எரிபொருள் அளவையும் டர்போ அழுத்தத்தையும் திருத்துகிறார்களே, அந்தக் குறுகிய வேலைக்குப் ‘பண்ணமைத்தல்’ என்று வைத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. ஆனால் பட்டறைக்காரர் வாயில் அது ஏறும் என்று பந்தயம் கட்டமாட்டேன்.

என் முன்மொழிவு இது: அழகு சார்ந்ததற்குக் ‘கோலமாற்றம்’, ஓட்டம் சார்ந்ததற்கு ‘ஓட்டமாற்றம்’. சொற்களைவிட, அவற்றைப் பிரிக்கும் கோடு எங்கே விழ வேண்டும் என்பதே எனக்கு முக்கியம். இதுவரை வந்த மடல்கள் அனைத்தும் உரிமையாளரின் நோக்கத்தை வைத்துப் பிரிக்கின்றன. நோக்கம் எனக்குத் தெரியாது. போக்குவரத்து ஆய்வாளருக்கும் தெரியாது. பல வேளைகளில் உரிமையாளருக்கே தெரியாது. வண்டியின் முடுக்கம், நிறுத்தம், திரும்பும் தன்மை, மீட்டரின் கணக்கு ஆகியவற்றில் ஏதேனும் மாறுமானால் அது ஓட்டமாற்றம். எதுவும் மாறாவிட்டால் கோலமாற்றம். பெயர் விளைவின் பக்கம் நிற்கட்டும்.

இந்தக் கோட்டுக்குச் சரியான சோதனை அலாய் வீல், அதாவது கலப்பு உலோகச் சக்கரம்தான். சிறிய கார்களில் பரவலாக இருக்கும் 175/65 அளவுள்ள (அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு) 14 அங்குல டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 583 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 15 அங்குல அலாயும் 185/55 டயரும் மாட்டினால் விட்டம் சுமார் 584. எடையும் கூடாதிருந்தால் ஓட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, இது கோலமாற்றம் என்று விட்டுவிடலாம். ஆனால் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று 17 அங்குல அலாயும் 205/45 டயரும் மாட்டினால் விட்டம் 616-ஐத் தொடுகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு முன்பைவிட ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் தொலைவு போகும். மீட்டர் அதே அளவுக்குக் குறைத்துக் காட்டும். பழைய சக்கரத்தில் முள் 80-இல் நின்றபோது போன வேகத்தைவிட, புதிய சக்கரத்தில் முள் அதே 80-இல் நிற்கும்போது போகும் வேகம் நான்கரைக்கு மேல் கூடுதல். இத்தனைக்கும் பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமானது. சுழலும் எடை கூடக்கூட, அதை உருட்டவும் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு வேண்டும். வேகமான வண்டிபோல் தோன்றுவதற்காக வாங்கிய பொருள் வண்டியை மெதுவாக்குகிறது. நோக்கத்தைக் கேட்டால் இது அழகு. விளைவைக் கேட்டால் ஓட்டமாற்றம். அறுத்த சுருள்வில்லும் அப்படியே. சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) கிட் அழகுக்கும் இல்லை, வேகத்துக்கும் இல்லை, செலவைக் குறைப்பதற்காகப் பொருத்துவது. எஞ்சினின் இழுவிசை சற்றுக் குறைவதால் என் கோட்டின்படி அதுவும் ஓட்டமாற்றமே.

கோடு மங்கும் இடமும் உண்டு என்பதை மறைக்கவில்லை. 2018-ஆம் ஆண்டு ஒரே டியாகோ காரிலிருந்து டாடா நிறுவனம் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தது. கோவையின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸுடன் சேர்ந்து செய்த ஜே.டி.பி. வகையில் டர்போ பெட்ரோல் எஞ்சின் 114 குதிரைத்திறன் தந்தது. சாதாரண டியாகோவில் அது 85. இது ஐயமில்லாத ஓட்டமாற்றம். என்.ஆர்.ஜி. வகையில் அதே 85 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு, சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையும் கூரைக் கம்பியும் பொருத்திக் காட்டுவண்டித் தோரணை தந்தார்கள். கூடவே தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி 170 மில்லிமீட்டரிலிருந்து 180 ஆனது. அந்தப் பத்து மில்லிமீட்டரை எந்தப் பக்கம் சேர்ப்பது? நான் கோலத்தில் சேர்ப்பேன். சண்டைக்கு வருபவர்களோடு உட்கார்ந்து பேசத் தயார்.

சட்டம் இந்த இரண்டையும் பிரிப்பதே இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். (ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதால், நான்கு அலாய் வீலும் ஒரு மாற்றமா, நான்கா என்று கேட்ட இளைஞர் ஒருவர் உண்டு.) சட்டம் பிரிக்காததைப் பேச்சிலும் பிரிக்காமல் விடுவதால் வரும் குழப்பத்தை எங்கள் மாவட்டத்திலேயே கண்டோம். 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து ஒன்று அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு, சுற்றுலாப் பேருந்துகளுக்கு வெள்ளை நிறம் என்ற விதியைக் கேரள அரசு கடுமையாக நடைமுறைப்படுத்தியது. சுவரோவியம்போல் வண்ணம் தீட்டிய பேருந்துகள் மீது மக்கள் கோபம் முழுவதும் திரும்பியது. மோதிய பேருந்து மிகை வேகத்தில் வந்திருந்தது. வண்ணம் கோலமாற்றம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கலைப்பது ஓட்டமாற்றம். தேநீர்க்கடைகளில் இரண்டையும் ‘ஆல்ட்டரேஷன்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு சிறு சொல். வெளியே பழைய அம்பாசிடர்போல் சாதாரணமாக நின்று, உள்ளே வலுவான எஞ்சினை மறைத்துவைத்திருக்கும் வண்டிக்குப் பெயர் கேட்டிருந்தார்கள். ‘பசுத்தோல் போர்த்த புலி’ என்று சிலர் எழுதியிருந்தனர். அதில் வஞ்சகத்தின் வாடை அடிக்கிறது. ‘நீறுபூத்த வண்டி’ என்றால் நீறுபூத்த நெருப்பு எல்லோருக்கும் நினைவு வரும், விளக்கமே வேண்டாம். பின்னால் பெரிய இறக்கை மாட்டி எஞ்சினைத் தொடாமல் விட்ட வண்டிக்கோ, புலித்தோல் போர்த்து மேய்ந்த பசு என்னும் பழைய உவமை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

மறுமொழி:

மதிப்பீட்டாளர் ஐயாவுக்கு வணக்கம். நான் எழுதுவது மற்றொரு சித்தூரிலிருந்து, ஆந்திரத்துச் சித்தூரிலிருந்து. விளைவை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் ‘கோலம்’ என்றால் என் மாணவிகளுக்கு வாசலில் அரிசிமாவால் போடுவதுதான். ‘கோலமாற்றம்’ என்று கரும்பலகையில் எழுதினால், மார்கழியில் புள்ளிக் கோலத்துக்குப் பதிலாகச் சிக்குக் கோலம் போடுவது என்று சொல்லிவிடுவார்கள். ‘ஓட்டம்’ என்பதிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டுபவர் ‘இந்த மாதம் ஓட்டமே இல்லை அம்மா’ என்றால், சவாரி கிடைக்கவில்லை என்று பொருள். ‘தோற்றமாற்றம்’, ‘இயக்கமாற்றம்’ என்று வைத்தால் இந்த இரண்டு இடர்களும் தீருமே? கலைச்சொல்லுக்குச் சிரிப்பு வரக்கூடாது என்று எண்ணுகிறேன்.

மறுமொழிக்கு மறுமொழி:

ஆசிரியை அம்மையாருக்கு நன்றி. ‘இயக்கம்’ கட்சிக்கும் உண்டு, திரைப்படத்துக்கும் உண்டு என்பதால் அதிலும் தடுமாற்றம் குறையவில்லை. வாடகைக் கார்காரரின் ‘ஓட்டம்’ குறைந்தபட்சம் வண்டியை விட்டு வெளியே போகவில்லை. ‘தோற்றம்’ கண்ணோடு நின்றுவிடுகிறது. சத்தத்துக்காக மட்டுமே சைலன்சரை மாற்றுகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். வாளையாறு சோதனைச்சாவடியில் நிற்கும்போதே, தொலைவில் கஞ்சிக்கோட்டில் வருகிறவன் யார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதனால் வேகம் ஒன்றும் கூடுவதில்லை, தோற்றமும் மாறுவதில்லை. கோலத்தில் அதற்கு இடம் உண்டு. மணக்கோலத்தில் மாலையோடு மேளமும் சேர்த்திதானே. சிரிப்பு வருவதைப் பற்றிச் சொன்னீர்கள். ‘என்ன கோலம் இது’ என்று வியந்தும் கேட்கிறோம், திட்டியும் கேட்கிறோம். மலையாளத்தில் அந்தத் திட்டு இன்னும் கூர்மையானது. இந்த வண்டிகளைத் தெருவில் பார்ப்பவர்களும் அப்படித்தான் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள் என்பதால், அதை நான் குறையாக எண்ணவில்லை.

இருந்தாலும் வாசல் கோலத்தின் இடர் மெய்யானதே. இம்மாதம் மூன்று வண்டிகளுக்கு உரிமையாளர்களிடம் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டியிருக்கிறது. ஒன்றில் ‘கோலமாற்றம்’ என்றும், இன்னொன்றில் ‘தோற்றமாற்றம்’ என்றும், மூன்றாவதில் பழைய ‘ஒப்பனை’ என்றும் எழுதிக் கொடுத்து, யார் திரும்பத் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன பொருள் என்று கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.